டாக்டர் அறையில் கால் எங்கே இருந்தது?

1

காலணியையும் காலுறையையும் கழற்றச் சொல்லிவிட்டு, கண்களை மூடிக்கொள்ளும்படி செவிலியர் ஜோன் சொன்னார். பிறகு ஒரு நைலான் இழையின் நுனியை என் உள்ளங்காலில் ஒவ்வோர் இடமாக வைத்து மெல்ல அழுத்தினார். பட்டது தெரிந்தால் ‘ஆம்’ என்று சொல்ல வேண்டும். பெருவிரலின் அடியில், ஆம். சுண்டுவிரலின் அடியில், ஆம். குதிகாலுக்கு வந்தபோது நான் எதுவும் சொல்லவில்லை. இழை பட்டது தெரிந்தது. என் நினைவு வேறொருவர் காலில் இருந்தது. ஜோன் பொறுத்திருந்து மறுபடியும் அழுத்தினார். ‘ஆம்’ என்றேன். நல்ல கால்கள் என்று பாராட்டிவிட்டுக் கணினியில் ஒரு கட்டத்தை நிரப்பினார்.

இங்கிலாந்தின் வடக்கே நான் வசிக்கும் இந்த நகரத்தில், சர்க்கரை நோயாளி ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை இந்த அழைப்பு வரும். இம்முறை எனக்கு ஒதுக்கப்பட்ட நாள், என் தம்பி ஜெயராஜ் இறந்த நாளின் இரண்டாம் ஆண்டு நிறைவு. வேறு நாள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த நாளில் நான் செய்வதற்கு இதைவிடப் பொருத்தமான காரியம் வேறு இல்லை என்று தோன்றியது.

ஜெயராஜ், சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்தவன். சர்க்கரை நோயால் காலில் வந்த புண்ணில் இறந்தான். நான் ஓய்வு பெறும்வரை இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் செய்த வேலை, சர்க்கரை நோயாளிகளுக்கு மருத்துவர்கள் தரும் கவனிப்பு எவ்வளவு தரமானது என்று அளப்பது. இந்த இரண்டு செய்திகளையும் அடுத்தடுத்து எழுதுவதற்கு எனக்கு இவ்வளவு காலம் ஆயிற்று.

2

என் தொழில் என்னவென்று ஊரில் யாருக்கும் விளங்கியதில்லை. விருதுநகரில் மிஷன் பள்ளித் தலைமையாசிரியராக இருந்த என் தந்தை, மருத்துவர்களுக்கே நீ பரீட்சை வைக்கிறாயா என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். ஏறக்குறைய அதுதான்.

ஒரு மருத்துவரின் கவனிப்பை மூன்று வகையில் அளக்கலாம். அவரிடம் என்னென்ன வசதிகள் இருக்கின்றன என்று பார்க்கலாம். அவர் என்ன செய்கிறார் என்று பார்க்கலாம். அவரிடம் வந்த நோயாளிகள் முடிவில் என்ன ஆனார்கள் என்று பார்க்கலாம். முதலாவது எளிது, ஆனால் பயன் குறைவு. நல்ல கட்டடத்தில் மோசமான வைத்தியம் நடப்பதுண்டு. மூன்றாவது பல நேரம் அநியாயம். வறியவர்களுக்கு வைத்தியம் பார்ப்பவரிடம் முடிவுகள் மோசமாகத்தான் இருக்கும், அந்த வறுமையை அவர் உண்டாக்கவில்லை. ஆகவே நாங்கள் நடுவில் உள்ளதைப் பற்றிக்கொண்டோம். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைப் பார்த்தாரா? சிறுநீரகத்தைச் சோதித்தாரா? விழித்திரையைப் பார்க்க அனுப்பினாரா? பாதத்தைத் தொட்டுப் பார்த்தாரா? ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம்.

என் மகள் நிர்மலா இங்கே குடும்ப மருத்துவர். அளக்கப்படுகிறவர்களில் அவளும் ஒருத்தி. அப்பாவின் கட்டங்களையெல்லாம் நிரப்பி முடித்தால்தான் நோயாளியின் முகத்தைப் பார்க்க நேரம் கிடைக்கிறது என்று ஆங்கிலத்தில் என்னிடம் சண்டை பிடிப்பாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கட்டத்தை நிரப்பினால் வெகுமதி என்று வைத்தால் கட்டங்கள் நிரம்பும். கவனிப்பும் கூடவே நிரம்பும் என்பதற்கு உறுதி இல்லை. ஆனாலும் ஜோன் ஆண்டுதோறும் என் காலைத் தொடுவது, அந்தக் கட்டம் அங்கே இருப்பதால்தான்.

சித்தப்பாவின் காலைப் பற்றி நான் தொலைபேசியில் சொன்னபோது நிர்மலா, வழக்கத்துக்கு மாறாக, தமிழில் கேட்டாள். “வெட்டிட்டாங்களா?” ஊரில் யார் வாயிலும் அந்தச் சொல் வராது, ‘எடுத்துட்டாக’ என்பார்கள். அவளுடைய தமிழ் எங்கள் வீட்டுச் சமையலறையைத் தாண்டிப் போனதில்லை. அந்த வேறுபாடு அவளுக்குத் தெரியாது. நான் திருத்தவில்லை.

3

பட்டாசுத் தொழிலில், வெடிமருந்து கலக்கும் அறைக்குள் செருப்போடு போகக் கூடாது. செருப்பின் அடியில் ஓர் ஆணியோ கல்லோ தரையில் உரசினால் போதும். கம்பெனிக்குள் வந்ததும் எல்லாரும் செருப்பைக் கழற்றிவிடுவார்கள். ஓர் அறையில் தீப்பிடித்தால் அடுத்ததற்குப் பரவாதபடி அறைகளைத் தள்ளித் தள்ளிக் கட்டியிருப்பார்கள். ஃபோர்மேனுக்கு ஓரிடத்தில் உட்கார்ந்து செய்யும் வேலை கிடையாது. அறைக்கும் அறைக்கும் நடுவே உள்ள வெட்டவெளியில் ஜெயராஜ் நாள் முழுவதும் வெறுங்காலோடு நடப்பான். சித்திரையில் அந்தத் தரை எப்படி இருக்கும் என்று விருதுநகர் மாவட்டத்தாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அவனுக்கு வைத்தியம் பார்த்தவர் திருத்தங்கலில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் முருகேசன். செருப்பில்லாமல் நடக்காதீர்கள் என்று அவர் ஜெயராஜிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். ‘பாதப் பாதுகாப்பு பற்றிய அறிவுரை வழங்கப்பட்டது’ என்னும் எங்கள் கட்டம் அதோடு நிரம்பிவிடும். ஜெயராஜும் வீட்டிலும் தெருவிலும் செருப்போடுதான் நடந்தான். வேலையில் மட்டும் முடியாது என்பதை அவன் டாக்டரிடம் சொல்லவில்லை. சொன்னால் வேலையை விடச் சொல்வார் என்று பயம்.

சொல்லாமல் விட்டது இன்னொன்றும் உண்டு. இரத்தப் பரிசோதனை நாள் நெருங்கினால் அவன் சோற்றைத் தொடமாட்டான். கம்பங்கூழும் அவித்த காயுமாக வீட்டில் ஒரு தனித் தவக்காலம் நடக்கும். பரிசோதனை முடிவு அழகாக வரும். “வெரி குட், ஃபோர்மேன்” என்று டாக்டர் கைகுலுக்குவார். திரும்பும் வழியிலேயே எண்ணெயில் பொரித்த புரோட்டாவோடு தவக்காலம் முடிந்துவிடும். பிறகு எனக்குப் போன் வரும். “அண்ணே, இந்த மாசமும் டாக்டர்ட்ட நல்ல பேரு வாங்கிட்டேம்லா.” அவன் மட்டும் அல்ல, அந்த வட்டாரத்தில் பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையிடம் இந்த உபாயம் பலிக்காது. ஆனால் அதற்குச் செலவு கூடுதல் என்பதால் டாக்டர் எல்லாருக்கும் எழுதுவதில்லை.

இங்கிலாந்தில் நான் அளந்துகொண்டிருந்தது மருத்துவரை. என் தம்பியோ, மருத்துவர்தான் தன்னை அளக்கிறார் என்று எண்ணியிருந்தான். தேர்வுக்குப் படித்துக்கொண்டு போனான்.

ஒரு சித்திரை மாலை, அவன் மனைவி கிரேஸ் வீட்டுத் தரையில் சிவப்புத் தடங்களைப் பார்த்தாள். வாசலிலிருந்து அடுப்படிவரை ஒரு காலின் தடம் மட்டும். யார் காலில் ரத்தம் என்று கேட்டவன் ஜெயராஜ்தான். உள்ளங்கால் வெந்து, கொப்பளித்து, உடைந்திருந்தது, அவனுக்குத் தெரியவில்லை. முதலில் விரல்களை எடுத்தார்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே. ஆடி பிறப்பதற்கு முன் அவன் போய்விட்டான். மற்றதை எழுதுவதால் யாருக்கும் பயன் இல்லை.

4

முதலாண்டு நினைவு ஜெபத்துக்கு நான் ஊருக்குப் போனேன். திருத்தங்கலில் கிரேஸின் வீட்டு முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். கிரேஸ் அங்கே தொடக்கப் பள்ளி ஆசிரியை. மகன் செல்வின் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் வேலை செய்கிறான். காலண்டர் ஆர்டர்கள் வந்து குவியும் நேரம், ஜெபத்துக்கு மட்டும் அனுமதி வாங்கி வந்திருந்தான்.

ஜெபம் முடிந்து சாப்பாடு நடந்தது. பந்தியில் உட்கார்ந்தவர்களில் பலர் சோற்றைக் குறைத்துக் கேட்டதைப் பார்த்தேன். எல்லாரும் டாக்டர் முருகேசனின் நோயாளிகள். தொழில் பழக்கம் என்னை விடவில்லை. டாக்டர் எப்படிப் பார்க்கிறார் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். தங்கமான மனிதர் என்றார் ஒருவர். கைராசிக்காரர் என்றார் இன்னொருவர். ஏசவே மாட்டார் என்று ஓர் அம்மாள் சான்றிதழ் தந்தார். பாதத்தைப் பார்ப்பாரா என்று கேட்டேன். அவர் குழம்பிப்போனார். எங்கள் பக்கத்தில் பாதம் ஆண்டவருக்குத்தான், மனிதர்களுக்கு இருப்பது கால் என்பது இத்தனை ஆண்டுகளில் எனக்கு மறந்துவிட்டிருந்தது. கால் என்று திருத்திக் கேட்டேன். “பாத்தாரு, பாத்தாரு. எல்லாந்தான் பாத்தாரு” என்று சட்டென்று சொல்லிவிட்டு, பாயசம் வாங்கத் திரும்பிக்கொண்டார். தம்பியை இழந்தவன் டாக்டர் மேல் புகார் எழுதத்தான் கேட்கிறான் என்று அவர்கள் தமக்குள் முடிவு செய்திருந்தார்கள். டாக்டரைக் காட்டிக்கொடுக்க யாரும் தயாராக இல்லை.

வந்தவர்கள் போனபின் கிரேஸ் எனக்குக் காபி கொண்டுவந்தாள். சீனி போடாத காபி. அவளுக்கும் சர்க்கரை உண்டு. டாக்டர் முருகேசன்தான் பார்க்கிறார். உன் காலை அவர் பார்த்திருக்கிறாரா என்று நேராகவே கேட்டேன்.

“அவுகளுக்கு அப்படி ஆன பெறவு, எனக்கும் காமிக்கணும்னுதான் இருக்கு அத்தான். ஆனா எப்படிக் காமிக்க? மேசைக்கு அந்தப் பக்கம் அம்புட்டுப் பெரிய மனுசர் இருக்காரு. அவரு முன்னால காலைத் தூக்கி நீட்டவா? செருப்பக்கூட வாசல்லயே விட்டுட்டுத்தான் உள்ள போறோம். நான் சேலைய இழுத்துக் காலை மூடிக்கிட்டுத்தான் உக்காருவேன்.”

“வலி உண்டா?”

“வலியெல்லாம் கெடையாது. கொஞ்சம் மதமதன்னு இருக்கும், அம்புட்டுதான்.”

சொல்லும்போதே அவள் இரண்டு கால்களையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். கணவனின் அண்ணன் எதிரில் இருக்கிறேன் அல்லவா. மதமதப்பு என்ற சொல்லை ஜெயராஜும் போனில் சொல்லியிருக்கிறான். வலி இல்லை என்பது அவர்களுக்கு ஆறுதல். உணர்வு போய்க்கொண்டிருக்கிறது என்பதே அதன் பொருள்.

இங்கிலாந்தில் ஒரு நோயாளியின் காலுறையைக் கழற்றவைப்பதற்குத்தான் நேரம் பிடிக்கும். திருத்தங்கலில் கால் வெறுங்காலாகவே டாக்டர் முன்னால் வந்து நிற்கிறது. மரியாதைக்காக வெறுங்காலாக வருகிறது. அதே மரியாதைக்காக ஒளிந்துகொள்கிறது. நான் புறப்படுவதற்கு முன் கிரேஸின் கால் பார்க்கப்பட்டாக வேண்டும் என்று அன்று தீர்மானித்தேன். அவளுக்கு மட்டும் ஒரு சலுகையாக அதைச் செய்தால் போதாது என்றும் தீர்மானித்தேன். டாக்டரிடம் சிபாரிசு செய்து ஒரு காலைக் காட்டிவிடலாம். அடுத்த கால் மறுபடியும் சேலைக்குள் போய்விடும்.

கேட்க வேண்டிய கேள்வியும் அவள் சொன்னதிலேயே இருந்தது. டாக்டர் பார்த்தாரா என்று கேட்டால் ஊரே அவருக்கு அரணாக நிற்கும். டாக்டரைப் பற்றிக் கேட்கவே கூடாது. ‘டாக்டர் அறையில் உங்கள் கால் எங்கே இருந்தது?’ என்று கேட்க வேண்டும். காலைப் பற்றிப் பொய் சொல்ல யாருக்கும் தோன்றாது.

5

டாக்டரின் நோயாளிகளிடம் இதைக் கேட்க முறைப்படி அனுமதி வாங்க வேண்டும் என்று விருதுநகரில் சுகாதாரத் துறை அலுவலகத்துக்குப் போனேன். எந்த நிறுவனத்தின் சார்பில் என்று கேட்டார்கள். ஓய்வு பெற்றவன், எந்த நிறுவனமும் இல்லை என்றேன். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் வேறோர் அறைக்கு அனுப்பினார்கள். நோயாளிகளின் இரத்தம் எடுப்பீர்களா, மருந்து கொடுப்பீர்களா, படம் எடுப்பீர்களா என்று அங்கே கேட்டார்கள். ஒன்றும் இல்லை, கால் எங்கே இருந்தது என்று மட்டும் கேட்பேன் என்றேன். அந்த அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அதற்கு அனுமதி தேவையில்லை என்றார். அதை எழுத்தில் தர முடியுமா என்று கேட்டேன். தேவையில்லாத அனுமதியைத் தேவையில்லை என்று எழுதித் தரும் அதிகாரம் தமக்கு இல்லை என்றார். டாக்டர் சம்மதித்தால் போதும் என்று வழியனுப்பினார்.

டாக்டர் முருகேசன் என்னைவிட இளையவர். கூட்டம் குறைந்தபிறகு உள்ளே அழைத்தார்.

“தம்பி விசயமா வந்தீகளா, அண்ணாச்சி?”

“தம்பி போயிட்டான் டாக்டர். ஒங்கள அளக்கலாமான்னு கேக்க வந்தேன்.”

“தையக்காரரு மாதிரியா?” என்று சிரித்தார். நான் சிரிக்காததைக் கண்டு நிறுத்திக்கொண்டார். அந்தக் கேள்வியைச் சொன்னேன். அவர் மேசைமேல் இருந்த இரத்த அழுத்தக் கருவியின் குழாயைச் சுருட்டி ஓரமாக வைத்தார்.

“ஃபோர்மேன் காலை நான் பாத்திருந்தா…” என்றார்.

“பாத்திருந்தாலும் என்ன ஆயிருக்கும்னு யாருக்கும் தெரியாது” என்றேன். அது ஆறுதலுக்காகச் சொன்னது அல்ல. என் தொழில் எனக்குக் கற்றுத்தந்த உண்மை.

அதன்பின்தான் அவர் மனம்விட்டுப் பேசினார். “எனக்குத் தெரியாதா அண்ணாச்சி? படிச்சதுதான. கிளினிக் வச்ச புதுசுல ஒரு பெரியவரு காலைத் தொட்டேன். மனுசன் துள்ளி எந்திரிச்சு என் கால்ல விழுந்துட்டாரு. நீங்க போயி என் காலைத் தொடலாமா சாமின்னு. அதோட சரி, இந்தப் பக்கமே வரல. பொம்பளைகள்ட்ட கேக்கவே வேண்டாம். செருப்புக் கடைக்காரன்ட்ட நீட்டுவாக. எங்கிட்ட மட்டும் நீட்ட மாட்டாக.”

அளந்த கணக்கை எங்கே போடுவேன் என்று கேட்டார். பத்திரிகையில் வருமா, பக்கத்துக் கிளினிக்கோடு ஒப்பிடுவேனா என்பதே அவர் கவலை. உங்களுக்கு மட்டும், வாரம் ஒருமுறை, வேறு யாருக்கும் இல்லை என்றேன். இங்கிலாந்தில் நாங்கள் செய்த பிழைகளில் ஒன்று, கணக்கை முதலில் மேலிடத்துக்குக் காட்டிவிட்டுப் பிறகு மருத்துவருக்குக் காட்டியது. அவர் சம்மதித்தார். சம்மதத்தில் உற்சாகம் இல்லை; ஆனால் வாக்குக் கொடுத்தார்.

6

கிளினிக் வாசலில் செருப்புகள் கிடக்கும் இடத்துக்கு அருகே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வெளியே வருகிறவர்கள் செருப்பைத் தேடி மாட்டும் அந்த நேரத்தில் கேட்டால், அப்போதுதான் கழித்த நிமிடங்கள் மறந்திருக்காது. மடியில் ஒரு தாள். அதில் ‘கீழே’, ‘மேலே’ என்று இரண்டு பத்திகள். முதல் நாளிலேயே ஒருவர் பைக்கை நிறுத்திவிட்டு, “பெரியவரே, புதுச் செருப்பு. கொஞ்சம் பாத்துக்கிடுங்க” என்று சொல்லிப் போனார். இன்னொருவர் டோக்கன் உண்டா என்று கேட்டார். செல்வின் ஒரு மாலை வந்து பார்த்துவிட்டு, “லண்டன் புரொஃபசருக்குச் செருப்புக் காவல் வேலை கெடச்சிருக்குன்னு பிரஸ்ல சொல்லிட்டு வாரேன் பெரியப்பா” என்றான். நான் ஒருநாளும் லண்டனில் வசித்ததில்லை, அதையும் திருத்தவில்லை.

கேள்வி வேலை செய்தது. “கால் எங்க இருந்துச்சா? கீழதான். வேற எங்க இருக்கும்?” என்றார்கள். நாற்காலிக்கு அடியில் என்றார்கள், சேலைக்குள் என்றார்கள், தரை சில்லென்று இருந்ததால் ஒன்றன்மேல் ஒன்றாக என்றார்கள். வார முடிவில் ‘மேலே’ என்ற பத்தி வெறுமையாக இருந்தது. தாளை டாக்டரிடம் கொடுத்தேன். அவர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் டாக்டரின் அறையில் நோயாளிக்கு எதிரே ஒரு குட்டை ஸ்டூல் வந்தது. காலை இதில் வையுங்கள் என்று அவரே சொன்னார். யாரும் வைக்கவில்லை. கைப்பையை வைத்தார்கள். மருந்துச் சீட்டை வைத்தார்கள். டாக்டருக்குச் சமமாக நாற்காலியில் உட்காரக் கூசி, ஒரு பெரியவர் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தே வைத்தியம் பார்த்துக்கொண்டு போனார். ‘மேலே’ மறுபடியும் வெறுமை. டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, இதை விட்டுவிடலாமா என்று கேட்டார். இன்னும் ஒரு வாரம் என்றேன்.

அன்று இரவு சாப்பிடும்போது, செருப்புக் கடைக்காரனிடம் நீட்டுவார்கள் என்று அவர் சலித்துக்கொண்டது நினைவுக்கு வந்தது. மறுநாள் அவரிடமே அதைத் திருப்பிச் சொன்னேன். கடைக்காரரிடம் ஏன் கூச்சமில்லாமல் நீட்டுகிறார்கள்? அவர் அளவு எடுக்கிறார். காலைத் தொடுவது அவருடைய வேலையின் பகுதி. அதில் யாரும் தாழ்வதில்லை. டாக்டர் ஸ்டூலைத் தன் பக்கம் இழுத்துப் போட்டார். பிறகு செல்வினின் அச்சகத்தில் கழிவாகும் தாள்கள் கிடைக்குமா என்று கேட்டார்.

மறுநாள் முதல் ஸ்டூலின்மேல் ஒரு பெரிய தாள் விரிக்கப்பட்டது. ஒருபுறம் நிறம் விலகி அச்சாகிப்போன அடுத்த ஆண்டின் காலண்டர், மறுபுறம் வெள்ளை. “சுகர்காரங்களுக்கு மெத்துமெத்துன்னு ஒரு செருப்பு சொல்லி வச்சிருக்கேன். அளவு எடுக்கணும், காலை வைங்க” என்று டாக்டர் பென்சிலை எடுத்தார். கால் ஏறியது. தயக்கம் இல்லை. குனிந்து காலைச் சுற்றிக் கோடு வரையும்போது விரல் இடுக்குகளைப் பார்த்தார். குதிகாலைத் திருப்பிப் பார்த்தார். நான் கொண்டுபோயிருந்த நைலான் இழையால் அழுத்தி, தெரிகிறதா என்று கேட்டார். செருப்பும் பொய் இல்லை. சிவகாசியில் ஒரு கடையில் உண்மையாகவே சொல்லி வைத்திருந்தார். பட்டாசுக் கம்பெனிகளில் வேலை செய்பவர்களிடம் இப்போது அறிவுரையை மாற்றிச் சொன்னார். உள்ளே செருப்புப் போட முடியாது, சரி. வெளியே வந்து செருப்பை மாட்டும்முன் உள்ளங்காலைத் திருப்பி ஒருமுறை பாருங்கள், குனிய முடியாவிட்டால் பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள் என்றார்.

‘மேலே’ பத்தியில் கோடுகள் விழத் தொடங்கின. நான் இங்கிலாந்துக்குத் திரும்பியபின்னும் சனிக்கிழமைதோறும் டாக்டரிடமிருந்து வாட்ஸ்அப்பில் அந்த வாரக் கணக்கு வருகிறது. செருப்புக்கு அருகே இப்போது கம்பவுண்டர் நின்று கேட்கிறார். தீபாவளி சீசனில், லோடு அனுப்பும் அவசரத்தில் நோயாளிகள் மருந்துச் சீட்டை மட்டும் மாற்றி எழுதி வாங்கிக்கொண்டு ஓடும்போது, கணக்கு சரிகிறது. சரிந்த கணக்கையும் அவர் மறைக்காமல் அனுப்புகிறார். அளவிடும் தொழிலில் இருந்த காலம் முழுவதும், ஒரு மருத்துவரிடம் நான் கேட்டுப் பெற முடியாமல் போனது இது. நிர்மலா சென்ற வாரம் அந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். வெகுநேரம் பார்த்தாள். இத்தனை குறைவான கட்டங்களா என்று மட்டும் கேட்டாள்.

7

நான் ஊரிலிருந்து கிளம்புவதற்கு முந்தின நாள், கிரேஸுக்கு மாதாந்தரப் பரிசோதனை. அதுவரை பள்ளியில் வேலை என்றும், வீட்டில் ஆள் வருகிறார்கள் என்றும் அவள் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தாள். அன்று நானே உடன் போனேன். அறைக்குள்ளும் போனேன்.

“டீச்சர், செருப்புக்கு அளவு எடுக்கணும். காலை வைங்க” என்றார் டாக்டர்.

“எனக்கு அளவு தெரியும் டாக்டர். ஏழு.”

“கடைச் செருப்பு அளவு ஏழு. இது வேற.”

“ரெண்டு காலும் ஏழுதான்.”

டாக்டர் பென்சிலோடு காத்திருந்தார். கிரேஸ் அசையவில்லை. சேலையின் ஓரம் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. வகுப்பில் பிள்ளைகளை அதட்டும் குரல் அவளுடையது. அந்தக் குரலிலேயே மறுத்துக்கொண்டிருந்தாள். ஆனால் கண் ஒருமுறை என் பக்கம் வந்து, உடனே சுவருக்குப் போயிற்று.

அப்போதுதான் விளங்கியது. அந்த அறையில் அவள் கால் மேலே வராததற்குக் காரணம் டாக்டர் அல்ல. நாற்காலியை நகர்த்திவிட்டு எழுந்தேன். வெளியே ஒரு வேலை இருக்கிறது என்று டாக்டரிடம் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன். வேலை உண்மையாகவே இருந்தது. செருப்புகளுக்கு அருகே போய் என் நாற்காலியில் உட்கார்ந்து, தாளை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

நேரம் ஆயிற்று. உள்ளே தண்ணீர்க் குழாய் திறக்கும் ஓசை கேட்டது. ஏதோ ஒரு பாத்திரம் தரையில் வைக்கப்பட்டது. கம்பவுண்டர் பஞ்சும் கட்டுத்துணியும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் எழுந்திருக்கவில்லை.

கிரேஸ் வெளியே வந்தாள். வலது காலில் கட்டு. நடையில் மாற்றம் இல்லை. வெளியே வரும் எல்லாரிடமும் கேட்டதைப்போலவே அவளிடமும் கேட்டேன்.

“டாக்டர் ரூம்ல கால் எங்க இருந்துச்சு, கிரேஸ்?”

“காயிதத்து மேல, அத்தான்.” சற்று நிறுத்தினாள். “பெறவு டாக்டர் கையில.”

உள்ளங்கையை விரித்தாள். மடித்த பஞ்சில் ஒரு கருவேல முள்; முனை கறுத்திருந்தது.

“ரெண்டு வெரலுக்கு நடுவுல இருந்துச்சு. சீழ் வைக்க ஆரம்பிச்சிருக்காம், இப்பவே பாத்ததால கொணமாயிருமாம். எம்புட்டு நாளா அங்கன இருக்குன்னு எனக்கே தெரியல.”

அவள் பெஞ்சில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட காலில் செருப்பை மெதுவாக நுழைத்தாள். சேலையை இழுத்து மூடவில்லை. குனிந்தபடியே சொன்னாள்.

“அவுகட்டயும் யாராச்சும் இத ஒரு தடவ கேட்டிருக்கலாம்லா.”

‘மேலே’ என்ற பத்தியில் ஒரு கோடு போட்டேன். கதவு திறந்தது. வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் செருப்பைத் தேடிக்கொண்டு வந்தார். அவரிடம் கேட்டேன்.